பூசணி பப்ஸும் அப்பாவின் இஸ்திரிச் சட்டையும்

ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டில் நான்கு பர்னர் அடுப்பு ஒன்று இருந்தது. அதன் வயிற்றுக்குள் ஓர் ஓவனும் இருந்தது. அந்த ஓவனுக்குள் இட்லிப் பானை, ஆப்பச் சட்டி, கைப்பிடி உடைந்த குக்கர், என்றைக்காவது உதவும் என்று அம்மா சேர்த்து வைத்த காலி பால்பவுடர் டின்கள் எல்லாம் இருந்தன. குவைத்தில் நான் போய்வந்த தமிழ், மலையாள வீடுகள் எல்லாவற்றிலும் ஓவன் என்பது கதவு வைத்த பாத்திர அலமாரிதான். அதற்குள் நெருப்பும் வரும் என்பது எனக்கு ஒன்பது வயதுவரை தெரியாது. அந்த வருடம் ஹாலோவீன் அன்றுதான் தெரிந்தது.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா குளச்சலில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மேய்ந்தவர். அம்மாவின் விசாவில்தான் அவரும் நானும் குவைத்துக்கு வந்தோம். அப்படி வந்தவர் வெளியே வேலை பார்க்கக்கூடாது. ஏதாவது ஒரு கம்பெனி தன் பெயருக்கு விசாவை மாற்றிக்கொண்டால்தான் உண்டு. இதோ கிடைத்துவிடும், அடுத்த வாரம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், அப்பா ஒரு கம்பெனியில் இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்துவிட்டாள் அம்மா. அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடியும்விட்டது. யார் கேட்டாலும் அப்பா கம்பெனியில் என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பள்ளியில் கேட்டபோதெல்லாம் நானும் ஒப்பித்திருக்கிறேன்.

சட்டத்தைக் காப்பாற்ற அப்பாவும் தன் பங்கைச் செய்தார். காலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சமைப்பார், துவைப்பார், எனக்குத் தலை பின்னிவிடுவார். சாயங்காலம் ஆஸ்பத்திரி பஸ் வந்து நர்ஸுகளை இறக்கிவிடும் நேரத்துக்குச் சரியாக இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு படியிறங்கிப் போவார். பார்ப்பவர்களுக்கு ஈவினிங் டூட்டிக்குப் போகிற மனிதர். உண்மையில் இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டியதும் திரும்பி வருவார். நானும் ஒருமுறை அவரோடு போனேன். எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தார். நல்ல டூட்டியாக இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்களுக்கு நேர் மேல்மாடியில் ஒரு பிலிப்பைன்ஸ் ஆன்ட்டி இருந்தாள். அம்மா வேலை பார்த்த வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ். கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தன் வீட்டில் ஹாலோவீன் வைக்கப்போவதாக அவள் சொன்னாள். வெளியே தெரியாமல், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல். பிள்ளைகள் பேய் வேஷம் போட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பூசணிக்காயில் செய்த ஒரு பலகாரம் வர வேண்டும். அம்மாவுக்கு முதலில் பயம்தான். ஞாயிறு மறைக்கல்வி டீச்சர் அதைச் சாத்தானின் பண்டிகை என்று சொல்லியிருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் பேய் வேஷமா என்று முனகினாள். ஆனால் இன்சார்ஜ் கூப்பிட்டால் சாத்தானைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்த ஹாலோவீன் அது. அம்மாவுக்குக் காலை டூட்டி. அதனால் பலகாரத்திலிருந்து எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று ஆன்ட்டி பெருந்தன்மையாகச் சொன்னாள். அந்த வாரத் தொடக்கத்தில் படிக்கட்டில் அப்பாவைப் பார்த்தபோது, நீங்களும் கம்பெனி, அவளும் டூட்டி, உங்கள் வீட்டில் யார் செய்வது, ஒரு பிஸ்கட் பாக்கெட் போதும் என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அப்பாவுக்குத்தான் சுருக்கென்றது. அன்று இரவு அம்மாவிடம், பிஸ்கட் பாக்கெட் கொண்டு நான் அந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா உங்கள் இஷ்டம் என்றாள்.

வியாழக்கிழமையே ஜமியா என்ற கூட்டுறவுக் கடையிலிருந்து அரைப் பூசணியும் உறைந்த பப்ஸ் மாவும் வந்துவிட்டன. எங்கள் ஊரில் குருத்தோலை ஞாயிற்றுக்குக் கொழுக்கட்டை செய்வோம். அந்தப் பூரணத்தைத்தான் அப்பா கையில் எடுத்தார். பூசணியைத் துருவி, தண்ணீர் வற்ற வதக்கி, கருப்பட்டிப் பாகு விட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கிளறினார். தேங்காயும் விழுந்தது. பாதிப் பூரணம் ருசி பார்த்ததில் போயிற்று. அதில் என் பங்கு கொஞ்சம் கூடுதல்.

வெள்ளி காலை அம்மா கிளம்பியதும் ஓவனில் இருந்த பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்து ஹாலில் பரப்பினோம். அப்பா உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். தீக்குச்சியை நீட்டினார். எங்கோ அடியில் குப்பென்று நீலச் சுடர் பிடித்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன முகத்தோடு என்னைப் பார்த்தார். மாவை வெட்டி, பூரணம் வைத்து மூடி, தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினோம். நான் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாசம் வந்தது. பூசணி வாசம் இல்லை. பிளாஸ்டிக் செருப்பு எரிகிற நாற்றம்.

அந்த அடுப்பை ஊருக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியிருந்தோம். அவர்களும் ஓவனில் பாத்திரம்தான் வைத்திருக்கிறார்கள். கடையிலிருந்து வந்த நாளில் அடித்தட்டுக்குக் கீழே வைத்திருந்த தெர்மோகோலையும், தட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் அவர்களும் கழற்றவில்லை, நாங்களும் கழற்றவில்லை. புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று இரண்டு குடும்பங்கள் பொத்திப் பொத்திக் காத்த ஓவன் அது. இப்போது கரும்புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது. கட்டடக் காவல்காரரான எகிப்து ஹாரிஸ் ஓடிவந்து கதவைத் தட்டினார். புகைக்கு நடுவில் சாரத்தோடு நின்ற அப்பா, மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில் என்று ஒரு பிரச்சினையும் இல்லாததுபோலக் கும்பிட்டு அவரை அனுப்பிவைத்தார். எனக்குக் கண் எரிந்தது. புகையாலா அழுகையாலா என்று தெரியவில்லை. ஒரு பாக்கெட் மாவு முழுவதும் குப்பைக்குப் போனது.

இன்னொரு பாக்கெட் வாங்க இறங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிஸ்கட் பாக்கெட்டே கொண்டுபோகலாம் என்றேன் நான். அப்பா வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

"கடையில மாவு இல்லேன்னா என்ன மக்ளே, வீட்டுல மைதா கெடக்கு. வா" என்றார்.

வந்ததும் ஓவனுக்குள் புகுந்துவிட்டார். உருகி ஒட்டியிருந்ததை எல்லாம் கரண்டிக் காம்பால் சுரண்டினார். எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தார். வெறும் ஓவனை எரியவிட்டு நாற்றம் போகும்வரை மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்தார். கை முழுவதும் கரி. படகு எஞ்சின் பக்கத்தில் அவர் நின்ற கோலத்தை ஊரில் பார்த்திருக்கிறேன். குவைத்துக்கு வந்த பிறகு அன்றுதான் அவரை அப்படிப் பார்த்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு மைதாவைப் பிசைந்தார். புரோட்டாவுக்கு இழுப்பதுபோல இழுத்து, நடுவில் வெண்ணெய் தடவி, மடித்து, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, மறுபடியும் மடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இனி இதுவும் வேகாவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, வேகும்வரை வேகவைக்க வேண்டியதுதான் என்றார்.

பால்பவுடர் டின் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, கிண்ணத்தில் மிச்சமிருந்த பூரணத்தை இரண்டிரண்டுக்கு நடுவில் வைத்து மூடினோம். அம்மா சொன்ன 'என்றைக்காவது' அன்றைக்கு வந்துவிட்டது. மேல் வட்டத்தில் கண்ணும் மூக்கும் பல்லும் கத்தியால் கீறுவது என் வேலை. முட்டை தடவி உள்ளே அனுப்பினோம். வெந்து உப்பியபோது ஒவ்வொரு முகமும் தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு வந்தது. ஒன்று சிரித்தது, ஒன்று வாயைப் பிளந்தது, ஒன்று தூங்கியது. தூங்குகிற முகத்தைக் கையில் எடுத்து அப்பா சொன்னார், நம்ம பங்குச்சாமி பூசை வைக்கிறது மாதிரியே இருக்கு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிட்டுத் தின்று பார்த்தோம். மேலே மொறுமொறு, உள்ளே கருப்பட்டி இனிப்பு, தொண்டையில் சுக்கின் காரம். அப்பாவின் மூக்கு பெருமையில் விடைத்திருந்தது.

சாயங்காலம் அம்மா டூட்டி முடிந்து நேராக மேல்மாடிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அப்பா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். நான் வெள்ளைப் படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் பேயானேன். படியேறும்போது அப்பா பாதியில் நின்று குனிந்து என் கண் ஓட்டைக்கு நேராகச் சொன்னார்.

"ஆராவது கேட்டா அம்மா செஞ்சதுன்னு சொல்லிரு மக்ளே."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன், விரிப்பு ஆடியது.

ஆன்ட்டியின் ஹாலில் காகிதப் பூசணிகள் தொங்கின. எல்லாரும் கொண்டுவந்தவை மேசையில் இருந்தன. மலையாளிக் குடும்பம் ஒன்று பூசணி எரிசேரியைச் சம்புடத்தோடு வைத்திருந்தது. எங்கள் தட்டுதான் முதலில் காலியாகத் தொடங்கியது. ஆன்ட்டி ஒன்றைக் கடித்தாள், கண்ணை மூடினாள், இரண்டாவதை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். யூனிஃபார்மோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள் அம்மா. டூட்டிக்கு முன்னால் எத்தனை மணிக்கு எழுந்து செய்தாய், வெண்ணெய் எவ்வளவு, உள்ளே காரமாக இருப்பது என்ன என்று ஆன்ட்டி அடுக்கினாள். அம்மா வெண்ணெய் கொஞ்சம் என்றாள். பிறகு இஞ்சி என்றாள்.

அது சுக்கு. காலையிலிருந்து புகை குடித்து, ஷட்டருக்கு முன்னால் நின்று, முகம் முகமாகக் கீறியவள் நான். என்னால் பொறுக்க முடியவில்லை. விரிப்பைத் தலையிலிருந்து உருவி எறிந்துவிட்டு என் பள்ளிக்கூட இங்கிலீஷில் கத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அப்பா செய்தது. தினமும் அப்பாதான் சமைப்பார். அப்பாவுக்குக் கம்பெனியெல்லாம் கிடையாது, அப்பா எப்போதும் வீட்டில்தான்.

எரிசேரி கொண்டுவந்த அங்கிள் அம்மாவின் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர். அவர் மெல்லச் சிரித்து, அப்படியானால் தினமும் ஃபைலோடு போவது எங்கே என்று பொதுவாகக் கேட்டார். அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். இழுத்துவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் வெளியே ஏதோ தெரிவதுபோல. நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என்ன உடைந்தது என்று தெரியவில்லை.

அம்மா தட்டைக் கையில் எடுத்தாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நோயாளியின் வீட்டாருக்கு மருந்து வேளை சொல்லுகிற குரலில், நிறுத்தி நிறுத்தி. எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி:

"ஆமா, இவருதான் செஞ்சாரு. எங்க வீட்டுல சமையல் இவருதான். இவருக்கு இங்க வேலை கிடைக்கல்ல. இவரு வீட்டப் பாக்கதுனாலதான் நான் நிம்மதியா டூட்டி பாக்கேன்."

பிறகு லேப் அங்கிளின் முன்னால் போய்த் தட்டை நீட்டி, இன்னொன்று எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்துக்கொண்டார். தட்டைத் தாழ்த்தாமல் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள் அம்மா. கடைசியில் ஜன்னலோரம் வந்து அப்பாவுக்கும் நீட்டினாள். தூங்குகிற முகம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அப்பா அதை எடுத்துப் பாதியாகப் பிட்டு அம்மாவிடம் ஒரு பாதியைக் கொடுத்தார். தன் பாதியை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ருசி பார்த்தே வயிறு நிரம்பிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆன்ட்டி வேகமாக அப்பாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வெண்ணெய் எவ்வளவு என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

வீட்டுச் சட்டத்தை உடைத்ததற்கு அடி விழும் என்று இரவெல்லாம் காத்திருந்தேன். விழவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி பஸ் வந்தபோது அப்பா நீலச் சட்டையைத் தேடவில்லை. சாரத்தோடு படியிறங்கிப் போய், எல்லா நர்ஸுகளும் பார்க்க, அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே பேசிக்கொண்டு ஏறிவந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஏன் சட்டை போடவில்லை என்று கேட்டதற்கு, "இனி அது வேண்டாம் மக்ளே, கலாஸ், முடிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னார்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரே நாளில் அத்தனை பூரணத்தையும் ருசி பார்த்தவருக்குத் தொப்பை வந்திருக்க வேண்டும். சட்டை பத்தவில்லை, சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். பாவமாக இருந்தது. அன்று ராத்திரி அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவள் காதில் போய், அடுத்த சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு பெரிய சட்டை வாங்கிக் கொடுத்துவிடும்படி ரகசியமாகச் சிபாரிசு செய்தேன்.