சவரிமுத்துவின் நடைக்கணக்கு

சென்ற வாரம் மதுரையில் ஒரு கார் பட்டறையின் சுவரில் பச்சைப் பலகை ஒன்றைப் பார்த்தேன். ஸ்பேனர், சுத்தியல், திருப்புளி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்தில் வெள்ளைக் கோடு. எடுத்ததை அதே கோட்டுக்குள் மாட்ட வேண்டும். கைக்குட்டையைக்கூட நான்காக மடித்து வைக்கிற ஆள் நான், மகிழ்ந்திருக்க வேண்டும். அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஐம்பதுகளில் இராமநாதபுரத்தில் ஒரு பஸ் பட்டறையில் நான் ஸ்டோர் கணக்குப்பிள்ளை. முதுகுளத்தூர், சிக்கல் போன வண்டிகள் புழுதியோடு வரும். மண்டபம் போனவை கூரையில் கருவாட்டு வாடையோடு வரும். அதுவும் கழிவு எண்ணெயும் கலந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக இரண்டு முறை துவைக்க வேண்டும்.

அந்தப் பட்டறையை ஒழுங்குபடுத்த முதலாளி ஒருவரை அழைத்து வந்தார். சென்னையில் கார் செய்யும் ஆலையில் இருந்தவராம். ஆலைக்காரர் என்போம். எனக்கு முதல் நாளே அவர்மேல் சந்தேகம். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஒருவர் பெயரையும் கேட்கவில்லை. எதையும் தன் கையால் எழுதவுமில்லை. எழுத என்னைப் பிடித்தார்.

"யார் யார் எத்தனை தடவை இடத்தை விட்டு நடக்கிறாங்கன்னு குறிங்க. எதுக்குன்னு சொல்ல வேண்டாம்."

எனக்கும் அவர் சொல்லவில்லை.

ஆலைக்காரர் எங்கள் பட்டறையிலும் அதே மாதிரி ஒரு பலகை மாட்டச் சொன்னார். அதில் கோடு வரைந்தவர் எங்கள் தொழிலாளி கீழக்கரை காதர் பாய். "சுத்தியலுக்கு வரைஞ்சாச்சு. அடுத்து நம்மளையும் செவத்துல சாய்ச்சு வரைவாகளோ?" என்றார். சிரித்தார்கள், ஆனால் எல்லோர் கண்ணும் என் நோட்டின் மேல்தான்.

நடையை எண்ணுகிறேன் என்பது இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று. நடக்காதவன் சோம்பேறி, அவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதன் பிறகு பட்டறையில் திருவிழா நடைதான். ஒரு போல்ட்டுக்கு ஒரு நடை, அதன் நட்டுக்கு இன்னொரு நடை. எல்லோரையும்விட அதிகம் நடந்தவர் பஸ்களுக்கு ஸ்பிரிங் மாட்டும் பிட்டர் சவரிமுத்து. தங்கச்சிமடத்துக்காரர். வள்ளத்தை விற்றுவிட்டு இந்த வேலையை நம்பி வந்தவர்; திரும்பிப் போகக் கடலில் அவருக்கு ஒன்றும் இல்லை.

அதிகம் நடந்தால் நல்லதா என்று ஆலைக்காரரிடம் கேட்டேன்.

"நடக்கிற நேரத்துல வேலை நடக்காதே," என்று சிரித்தார்.

அன்று மாலை சவரிமுத்து ஸ்டோருக்கு வந்தார். "கணக்குப்புள்ள, நான் எத்தனை?"

"நீங்கதான் அண்ணே எல்லாரையும்விட அதிகம்."

"பாத்தீகளா! ஏலே காதரு, கேட்டுக்க. நீ இங்கன குத்தவச்சுக்கிட்டே இரு!"

ஆலைக்காரர் சொன்னதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நடையைக் குறைப்பார்கள், என் எண்ணிக்கை பொய்யாகும் என்று நினைத்தேன். என் நோட்டில் பொய்யான எண் இருந்தால் எனக்குப் பொறுக்காது. மறுநாள் சவரிமுத்து இன்னும் வேகமாக நடந்தார். நான் ஒரு கோடு விடாமல் குறித்தேன்.

நான் குறிக்கத் தொடங்கிய மூன்றாம் சனிக்கிழமை, ஸ்பிரிங் வேலைக்கு இரண்டு பேர் வேண்டாம், இனி ஒரே ஆள் போதும் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். ஆலைக்காரர் அன்று பட்டறைக்கே வரவில்லை.

ஒப்படைக்க வேண்டிய ஸ்பேனர்களைச் சவரிமுத்து துடைத்துக் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

"ஒங்க மேல வருத்தமில்ல, கணக்குப்புள்ள," என்றார். "நீங்க சாப்பிடப் போன நேரத்துல நான் நடந்ததெல்லாம் விட்டுப்போயிருக்கும். அதையும் சேத்திருந்தீகன்னா என்னைய நிப்பாட்டியிருக்க மாட்டாக."

சாப்பிடும்போதும் ஸ்டோர் ஜன்னல் வழியே பார்த்துக் குறித்திருந்தேன்; ஒன்றும் விட்டுப்போகவில்லை. கடைசி ஸ்பேனரையும் வரவு வைத்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. காதர் பாய் மவுத்தாகிவிட்டார். சவரிமுத்துவைப் பற்றித் தங்கச்சிமடத்தில் விசாரித்தேன். ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொன்னார்கள். எங்கே இருந்தாலும் என் எண்ணிக்கை தவறு என்றே அவர் நினைத்திருப்பார்; அது சரி என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.