பின்னால் நிற்கிறவளா வரவேற்பாள்?

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல் இருந்தது. குதிரைமேல் ராஜா, அவருக்குப் பின்னால் கை தூக்கி நிற்கும் ராணி. சண்டைக்குப் போன ராஜாவை ராணி அங்கேதான் வழியனுப்பினாள் என்பார்கள். அவர் திரும்பி வந்தாரா என்று யாரும் சொன்னதில்லை. குதிரையின் முகம் ஊரைவிட்டுப் போகும் பாதையைப் பார்த்திருக்கும். கல்யாணமாகிப் போகிற பெண் குதிரைப் பக்கம் நிற்பாள். பெற்றவள் ராணிப் பக்கம் நின்று, ராணியின் காலில் மஞ்சள் பூசி, "போயிட்டு வா" என்பாள். பெண் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். என் நாத்தனார்களை அப்படித்தான் அனுப்பினோம்.

சாலையை அகலப்படுத்தியபோது, பக்கத்துக் கம்பெனி அந்தக் கல்லைத் தன் முன்தோட்டத்தில் கொண்டுபோய் நட்டது. உடைபடாமல் காப்பாற்றினார்கள், அதற்குக் கும்பிடு போடலாம். ஆனால் தங்கப் பெயிண்ட் அடித்து, குதிரையின் முகத்தைத் தங்கள் கட்டடத்தின் பக்கம் திருப்பி, 'மன்னரை ராணி வரவேற்கும் காட்சி' என்று பலகையும் வைத்துவிட்டார்களே! வருகிறவருக்குப் பின்னால் நின்றா வரவேற்பார்கள்? ஊரில் ஒருவரைக் கேட்டிருக்கக் கூடாதா?

போன தையில் என் மகளை அனுப்ப மஞ்சள் தட்டோடு போனோம். கேட்டில் இருந்த தெற்கத்திக் காவலாளி, "பாஸ் இல்லாம விட்டா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாகம்மா" என்று தயங்கினார். சூப்பர்வைசர் வந்து எங்களை உள்ளே விட்டார்.

"சீக்கிரம் போட்டோ எடுத்துக்கினு கிளம்புங்க ஆன்ட்டி."

"போட்டோ புடிக்கவா வந்துகீறோம்? பொண்ண அனுப்ப வந்துகீறோம். ராஜாவ இன்னாத்துக்கு திருப்பி வெச்சீங்க?"

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. "கத்தாத. நாளைக்கு ஷிப்டுக்கு நான் இங்கதான் வரணும்" என்று என் கையை அழுத்தினார்.

சம்பந்தியம்மா சிரித்தார். "வுடுங்க சம்பந்தி, ராஜாவும் வேலைக்கு சேந்துட்டாரு போலகீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குதிரைப் பக்கம் நின்றால் என் மகள் கம்பெனிக்குள் நடக்க வேண்டும். சாலைக்குப் போக வேண்டுமென்றால் ராணிப் பக்கம் நிற்க வேண்டும். அது வீட்டில் இருப்பவளின் இடம். "நேரமாகுது" என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள்.

கடைசியில் அவளை ராணிப் பக்கம் நிறுத்தினேன். நான் குதிரைப் பக்கம் போய் நின்றேன். போகிறவளின் இடத்தில் நான், இருப்பவளின் இடத்தில் அவள். சாமி மன்னிக்கட்டும். மஞ்சளைத் தொட்டேன். "போயிட்டு வா" என்று சொல்ல வாய் வரவே இல்லை. அந்த இடத்தில் நின்று நான் எப்படி அதைச் சொல்வேன்? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஹாரன் அடித்தது.

என் மகள் அந்த வார்த்தையைக் கேட்காமலே போனாள்.