ஏழு திருத்தங்கள்

அந்த நர்சிங் பள்ளியில் அவளை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷ சர்வீஸ். மனசு தங்கம்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில். மாணவிகள் சேர்ந்து எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும் விக்கி என்ற இணையதளம் ஒன்றைத் தொடங்கியதும் அவள்தான். வார்டில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது அதன் வரலாற்றில் அழியாமல் நிற்கும். விக்கியில் யாரும் பொய் சொல்ல முடியாது என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

நேற்று வந்தது வினை. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்த ஒரு மாணவி, பத்தே நிமிஷத்தில் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிவிட்டாள். படுத்திருந்த பெரியவருக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. ஸ்டாஃப் நர்ஸ் ஓடிவந்ததால் பிழைத்தார். அரை மணி நேரமாவது உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பது பாலபாடம். விக்கியில் பத்து நிமிஷம் என்றுதான் போட்டிருந்தது என்று அந்தப் பெண் அழுதாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

இன்று காலை முதல்வரின் அறையில் விசாரணை. திருத்திய மாணவிகளின் பட்டியலை அவர் அச்செடுத்து வைத்திருந்தார். அதில் ஒரே பெயர்தான், ஏழு தடவை. தொட்டதற்கெல்லாம் கைதூக்குவதால் வகுப்பே ‘சந்தேகம்’ என்று பட்டம் கட்டியிருந்த பெண். அவளைப் பள்ளியை விட்டு நீக்கும் கடிதம் கையெழுத்துக்காக மேஜைமேல் காத்திருந்தது. அவள் சுவரோரமாக நின்றாள்.

“ஏழு தடவ மாத்துனேன் மேடம். எதை எதைன்னு ஞாபகம் இல்ல. தப்பு என்னோடதாத்தான் இருக்கும்,” என்றாள்.

முதல்வர் பேனா மூடியைத் திறந்தார். டீச்சரம்மா இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே கணினியில் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாள். நெட் ஆமை வேகத்தில் நகர்ந்தது. வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

பக்கத்தை முதலில் எழுதியது டீச்சரம்மா. ‘பத்து நிமிஷம்’ அவள் கைவண்ணம்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே செல்போனில் தட்டியது. அதற்குமேல் சந்தேகத்தின் ஏழு திருத்தங்கள். ஆறு வெறும் புள்ளி, கமா. ஐந்தாவதாக வந்தது மட்டும் வேறு: பத்தை எடுத்துவிட்டு முப்பது என்று போட்டிருந்தாள். ஒன்பதாவது வரியில் மறுபடியும் டீச்சரம்மா. ஏழையும் ஒரே சொடுக்கில் ரத்து செய்திருந்தாள். பக்கத்தில் குறிப்பு வேறு: ‘சும்மா நோண்டாதே.’

இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று கமாவைப் பார்த்துக் கடுப்பானவள், மீதியைப் படிக்கவேயில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்.

திரை டீச்சரம்மா பக்கம் திரும்பியிருந்தது. மற்ற இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடிவிடலாம். சந்தேகமோ பழியை ஏற்றுக்கொண்டு நிற்கிறாள். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. திரையை முதல்வர் பக்கம் திருப்பினாள்.

“சரியா எழுதுனது அவ, மேடம். அழிச்சது நான்.”

முதல்வர் இரண்டு தடவை படித்தார். கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மாலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சந்தேகம் குனிந்து திரையைப் பார்த்தாள். குறிப்பையும் படித்தாள். வழக்கம்போல, பாதி உயரத்துக்குக் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அழிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

வருஷம் முழுக்க அவளுடைய சந்தேகங்களுக்கு வள்ளென்று விழுந்தாவது பதில் சொல்லியிருந்தாள் டீச்சரம்மா. இந்தத் தடவை, முப்பது என்று அவளே மாற்றட்டும் என்று விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.