கடைவாய்ப்பல் தெரியாத நகைச்சுவை

படம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார். பின்வரிசைக்காரர்களின் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு முறை ஒருவர், "என்ன சார், என் மூஞ்சியிலயா படம் ஓடுது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். "கோச்சுக்காதீங்க, மேல்வரிசையில உங்களுக்கு ஒரு பல்லு ஆடுது, கவனிங்க" என்று இவர் சொன்னதும் சண்டை பாதியில் நின்றது.

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது தொழில். மெழுகை உருக்கி, பற்களை வரிசையாக நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இது ரொம்ப யோக்கியமா நிக்குது" என்று ஒரு பல்லை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக்குவார். அப்போதுதான் நிஜப் பல் போல் இருக்குமாம்.

சிரிப்பையும் அவர் பல்லால்தான் அளப்பார். "முன்பல்லு தெரிஞ்சா அது சும்மா மரியாதைக்கு. கோரைப்பல்லு தெரிஞ்சா சுமாரான ஜோக்கு. கடைவாய்ப்பல்லு தெரியணும், அதுதான் சிரிப்பு."

அவருக்கு உயிரான இயக்குநர்கள் இரண்டு பேர். எந்தப் படத்திலும் மழையைக் கொட்டவிடும் ஒருவர் மழைக்காரர். பாத்திரங்களை வாயே திறக்கவிடாத மற்றவர் மௌனக்காரர். அழவைப்பதில் இருவரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வம்பு என்னவென்றால், இருவருக்கும் அவ்வப்போது நகைச்சுவைப் படம் எடுக்கும் ஆசை வந்துவிடும். அந்தச் செய்தி காதில் விழுந்த நாள் முதல் பல்செட்காரருக்குச் சோறு இறங்காது. விருந்தாளிகள் முன்னால் சுருதி சேராத மகன் பாட எழுந்தால் தகப்பன் படும் பாடுதான்.

மௌனக்காரருக்குச் சப்பைக்கட்டு கட்டுவது சுலபம். "அது உள்ளுக்குள்ள சிரிக்கிற காமெடிங்க" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். மானத்தை வாங்குபவர் மழைக்காரர்தான். போன படத்தில் கதாநாயகன் திரும்பத் திரும்ப மாவுத் தொட்டிக்குள் விழுந்தான்.

"கடைசியா விழுறான் பாரு, அதுல ஒரு சோகம் இருக்கு" என்றார் மனைவியிடம்.

"இருக்கு, இருக்கு. டிக்கெட் எடுத்த சோகம்" என்றாள் அவள்.

பல்லுக்கு மெருகு போடுவது அவள் வேலை. பட்டறையில் வெளிச்சம் நன்றாக விழும் சுவரில் மழைக்காரரின் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. பல் மாட்டிப் பார்க்க வருபவர்களுக்கு அந்த இடத்தில் கண்ணாடி வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் வழக்கு. சென்ற வாரம் மழைக்காரரின் புதுக் காமெடி வந்தபோது தீர்ப்பையும் அவளே சொல்லிவிட்டாள்: "நானும் வர்றேன். ஒரு தடவையாவது நான் சிரிச்சிட்டா அந்த ஆளு அங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா கண்ணாடிதான்."

மதியக் காட்சி. திரையில் மேலதிகாரியின் பொய்முடி காற்றில் பறந்தது. அரங்கில் முன்பல்கூட இல்லை. ஒரு வாயாவது திறக்காதா என்று பல்செட்காரர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கொட்டாவி விட்ட ஒருவரைச் சிரிப்பதாக நினைத்து மலர்ந்து, உடனே வாடினார். அப்போதுதான் பக்கத்து இருக்கையில் பீறிட்டது சிரிப்பு. இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களும் பளிச்சென்று தெரிந்தன.

"பார்த்தியா, பார்த்தியா! சிரிச்சிட்ட!"

"படத்தை யாரு பார்த்தா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மூஞ்சியைத்தானே இவ்வளவு நேரமா பார்த்துக்கிட்டிருக்கேன்!"

வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் வாதாடியிருக்கலாம். ஆனால், சிரிப்பு விஷயத்தில் அவர் பொய்க்கணக்கு எழுதுகிறவர் அல்ல. வெட்கமாக இருந்தது, அதைவிட, மழைக்காரரை நினைத்து வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை அவரே முக்காலி போட்டு ஏறி மழைக்காரரை இறக்கினார். அந்த ஆணியிலேயே கண்ணாடியை மாட்டி, "நேரா இருக்கா?" என்று அவளிடமே கேட்டுக்கொண்டார். அவள் வெற்றிக் களிப்போடு டீ போட உள்ளே போனாள். பல்செட்காரர் சுத்தியல் முனையைத் துணியால் சுற்றி, எதிர்ச்சுவரில் ஓர் ஆணி அடித்து, மழைக்காரரை அதில் ஏற்றினார். பிறகு தம் இடத்துக்கு வந்து, கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த அந்த முகத்துக்கு நேராக நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.