நல்ல நேரத்தில் வைத்த கையெழுத்து

சோதிலிங்கம் தன் மரணசாசனத்தில் இரண்டு பேருக்கு வழி செய்ய விரும்பினார். ஒருவன் அவருடைய மகன் பிரணவன். மற்றவர், செத்த பிறகு இருக்கப்போகும் சோதிலிங்கம்.

மனைவி ரதிதேவியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "உமக்கென்ன, நீர் எமனையே கியூவில நிக்க வைப்பீர்" என்பார். மகள் பிரசாந்தி அதே நகரத்தில், மாசி என்ற இடத்தில், புருஷன், பிள்ளைகள், மோட்கேஜ் என்று தன்பாட்டில் இருந்தாள். பிரணவன்தான் மிச்சம். முப்பது வயதைத் தாண்டியும் அவனுடைய சட்டைப் பொத்தானை யாராவது பூட்டிவிட வேண்டும். ஒரு நாளில் அவன் பேசும் சொற்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். தலையில் தண்ணீர் விழுந்தால் அலறுவான். கிட்ட வரலாம் என்று அவன் அனுமதித்த ஆட்கள் நால்வர். அம்மா, அப்பா, அக்கா, இரத்தினசிங்கம்.

இரத்தினசிங்கம் சொந்தக்காரர் அல்ல. வெளிநாட்டுக்கு வந்த சோதிலிங்கம் மவுண்ட் ரொஸ்கிலில் மளிகைக் கடை திறந்து சில வருடங்களுக்குப் பிறகு, வவுனியாவிலிருந்து அகதியாக வந்து வேலை கேட்டு நின்றவர். அரிசி மூட்டை இறக்கத் தொடங்கினார். தங்க இடமில்லை என்றதும் சோதிலிங்கம் ஹில்ஸ்பரோ வீட்டுக்குப் பின்னால் இருந்த சிலீப்-அவுட்டைக் கொடுத்தார். குளியலறையோடு கூடிய தனி அறை அது. வாடகை என்ற சொல்லே எழவில்லை. ஒருநாள் பிரணவன் குளிக்க மறுத்துத் தோட்டத்துக் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இரத்தினசிங்கம் தானும் உடுப்போடு தண்ணீரைத் தலையில் வார்த்துக்கொண்டு, "பாரும் மருமகன், மாமா செத்துப்போனேனோ?" என்று கேட்டார். பிரணவன் சிரித்தான். அதிலிருந்து காலைக் குளிப்பு இரத்தினசிங்கத்தின் பொறுப்பானது. வேலைக்காரரா, வாடகைக்காரரா, தம்பியா என்று யாரும் முடிவு செய்யவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை.

சோதிலிங்கத்தின் நெஞ்சுக்குள் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் அவசியம் வந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அவர் லோயரிடம் போனார். பிரசாந்தியும் கூடப் போனாள்.

வீட்டின் தன் பங்கு பிரணவனுக்காக ஒரு டிரஸ்ட்டில் இருக்க வேண்டும். டிரஸ்டிகள் லோயரும் பிரசாந்தியும். ரதிதேவி சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். சிலீப்-அவுட் இரத்தினசிங்கத்துக்கு, அவர் உயிரோடு உள்ளவரை, வாடகை இல்லாமல். அதற்குப் பதிலாக அவர் பிரணவனோடு தினமும் ஒரு நேரமாவது இருந்து சாப்பிட வேண்டும். வருடாவருடம் சோதிலிங்கத்தின் துவசத்தில் பிரணவனின் கையைப் பிடித்து எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அன்றைக்குக் கோயிலில் ஒரு நேர அன்னதானம்.

கடைசிப் பகுதியைக் கேட்டதும் வெள்ளைக்கார லோயர் பேனையைக் கீழே வைத்துச் சிரித்தார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய லண்டன் வியாபாரிகளின் உயில்களும் இப்படித்தானாம். பெஞ்சாதிக்கு வீடு, வேலை பழகிய பையனுக்கு உடுப்பும் இருப்பிடமும், ஏழைகளுக்குச் சாப்பிடப் பாண், எல்லாம் போக மிஞ்சியதில் தன் ஆத்துமாவுக்குச் செபமும் மெழுகுதிரியும்.

பிரசாந்தி தமிழில் சொன்னாள். சோதிலிங்கத்துக்குப் பெரிய திருப்தி.

"பாத்தியோ பிள்ளை? கடை வச்சிருக்கிறவனுக்கு எந்த ஊரெண்டாலும் ஒரே பயம்தான்."

பத்திரம் தபாலில் வந்தது. ஒபீஸுக்கு வந்து கையெழுத்து வைக்கும்படி கடிதம் சொன்னது. சோதிலிங்கம் கோயில் கலண்டரை எடுத்துப் பார்த்தார். திங்கள் அட்டமி. செவ்வாய் நவமி, அதோடு செவ்வாய். புதன் சத்திரசிகிச்சை. ஞாயிறு காலைதான் நல்ல நேரம். ஞாயிறு லோயர் ஒபீஸ் பூட்டு.

"ஆத்துமாவுக்கு எழுதுற பத்திரத்தை அட்டமியில வைக்க ஏலாது" என்றார். "கடையில வச்சு வைப்பம்."

அப்படித்தான் அந்த ஞாயிறு, புளியும் பெருங்காயமும் மணக்கும் கல்லாவுக்கு முன்னால் சாட்சிகள் கூடினார்கள். ஒருவர் வரதராஜன். தமிழ்நாட்டுக்காரர், ஐடியில் வேலை, வாரம் தவறாமல் கறிவேப்பிலைக்கு வருபவர். மற்றவர் இரத்தினசிங்கம்.

"எதுக்கு அங்கிள் வரச் சொன்னீங்க?"

"மரணசாசனத்துக்குச் சாட்சி வைக்க."

"மரண... என்னது?"

"உங்கட பாஷையில உயில்."

வரதராஜன் சிரித்தார். "உயிலுக்கு நல்ல நேரமா! நல்லது யாருக்கு அங்கிள்? உங்களுக்கா, வாங்கப்போறவங்களுக்கா?"

"சாகும் வரைக்கும் எனக்கு. பிறகு அவைக்கு. கெதியா வையும், ராகுகாலம் வரப்போகுது."

"ஞாயித்துக்கிழமை ராகுகாலம் சாயந்தரம்தானே?"

"இஞ்ச டேலைட் சேவிங் இருக்கு. ராகுவையும் நம்ப ஏலாது."

ரதிதேவி அப்போது குறுக்கே வந்தாள். அவளுக்கு இங்கிலிஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் லோயரின் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்திருந்தாள். "இஞ்சாருங்கோ, இதில ஏதாவது கிடைக்கிற ஆக்கள் சாட்சி வைக்கக் கூடாதெண்டு எழுதியிருக்கு. ரத்தினம் வைக்கலாமோ?"

"அவனுக்கு என்ன கிடைக்குது? பிரணவனைக் குளிக்க வாக்கிறதும் எனக்குத் துவசம் செய்யிறதும் சொத்தோ? நான் அவனுக்குக் குடுக்கிறது வேலை. வேலைக்கு ஒத்துக்கொள்ளுறவன் கையெழுத்து வைக்காமல் வேற ஆர் வைக்கிறது? வாயால சொன்னவன் மாறலாம். கையெழுத்து வச்சவன் மாற மாட்டான்."

கடைக்காரருடைய நியாயம் அது. சாமான் இறக்கினால் இறக்கியவன் கையெழுத்து, எடுத்தால் எடுத்தவன் கையெழுத்து. ஆயுள் முழுக்க அவர் அப்படித்தான் ஏமாறாமல் இருந்தார்.

இரத்தினசிங்கம் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, "எங்க அண்ணை?" என்று கேட்டுத் தன் பெயரை முழுதாக எழுதினார். வரதராஜனும் போட்டார். பத்திரம் வீட்டுச் சாமியறைக்குப் போனது. நல்ல நேரத்தில் வைத்த பத்திரத்தைத் தபாலில் அலையவிட சோதிலிங்கத்துக்கு மனமில்லை. லோயரின் ஒபீஸிலிருந்து கேட்டபோது, "வச்சாச்சு, பத்திரமா இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டார்.

சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் இரண்டு வருடம் கடையை நடத்தினார், ஆட்களோடு கதைத்தார், கோயில் நிர்வாகத்தோடு சண்டை பிடித்தார். ஒரு மழைக்காலத்தில் குளியலறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

தகனம் செய்யும் இடத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிரணவன் பொத்தானைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். இரத்தினசிங்கம் அவன் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் அப்படியே. ஐயர் மந்திரம் சொல்ல, இரண்டு கைகள் சேர்ந்து எள்ளை இறைத்தன. ரதிதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பிறகு பத்திரத்தை எடுத்துக்கொண்டு லோயரிடம் போனார்கள்.

லோயர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பத்திரம் செல்லும், ஆனால் சாட்சி வைத்தவருக்குக் கொடுத்த பகுதி மட்டும் செல்லாது என்றார். வெளியாள் இன்னொருவர் கூடக் கையெழுத்து வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கைக்காய் வாங்க வந்தவர்கள், பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் ரதிதேவியின் கண்ணுக்குள் வரிசையில் வந்தார்கள்.

"அப்ப சிலீப்-அவுட்?"

"அது பிரணவன்ட டிரஸ்ட்டுக்குப் போகுது, அம்மா" என்றாள் பிரசாந்தி. "டிரஸ்ட் அதைச் சும்மா குடுக்க ஏலாது. வாடகைக்கு விட்டு அந்தக் காசைப் பிரணவனுக்குச் சேர்க்க வேணும். அதுதான் எங்கட கடமையாம். சேர்க்காட்டி நானும் லோயரும்தான் பதில் சொல்ல வேணும்."

"பிரணவனுக்காக ரத்தினத்தை வீட்டை விட்டு எழுப்புறதோ?"

லோயர் பத்திரத்தை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

ஒரு வழி இருந்தது. இதனால் லாபம் அடைகிறவர்கள் எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால், செல்லாத பகுதியைச் செல்லுபடியாக்கலாம். லாபம் அடைகிறவன் பிரணவன் ஒருவன்தான். ரதிதேவி நிமிர்ந்தாள். "அவன் தன்ர பேர் எழுதுவான். தகப்பன் பழக்கிவிட்டவர். கூட்டிக்கொண்டு வாறன்."

அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போனாள். தலை வாரி, புதுச் சட்டை போட்டு. லோயர் எழுந்து வந்து பிரணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன். ரதிதேவியால் அவரைக் கோபிக்கவும் முடியவில்லை.

"தம்பி, ரத்தினம் மாமா எங்கட வீட்டில இருக்கட்டோ?" என்று அவள் கேட்டாள்.

"மாமா இரு" என்றான் பிரணவன் உடனே.

"கேட்டியோ! அவருக்குச் சொல்லு பிரசாந்தி."

பிரசாந்தி சொன்னாள். லோயர் தலையாட்டிவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். மாமா இருந்தால் அந்த அறையின் வாடகைக் காசு உனக்குக் கிடைக்காது, அது பரவாயில்லையா? பிரசாந்தி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பிரணவன் மேசையில் இருந்த ஸ்டேப்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "மாமா இரு" என்றான், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

லோயர் கண்ணாடியைக் கழற்றினார். அவனுக்கு என்ன வேண்டும் என்பது தனக்கு விளங்குகிறது என்றார். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறான் என்பது அவனுக்கு விளங்க வேண்டும். சட்டம் கேட்பது அதைத்தான்; அது விளங்காமல் அவன் வைக்கிற கையெழுத்து செல்லாது.

"காசெண்டா என்னெண்டு தெரியாதது அவன்ர பிழையோ?" என்று ரதிதேவி வாசலில் நின்று கேட்டாள்.

"பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா."

"ஒருத்தரும் பிழை செய்யேல்லை. பிறகேன் இப்பிடி?"

கோர்ட்டுக்குப் போகலாம்தான். பிரசாந்தி விசாரித்து வந்தாள். சோதிலிங்கம் தெரிந்தேதான் இதை எழுதினார் என்று நிரூபித்தால் அந்தப் பகுதியும் செல்லும். அதற்குச் செலவு அதிகம். பிரணவனின் பக்கம் பேச இன்னொரு லோயரை வைப்பார்கள். அவருடைய வேலை, பிரணவனின் பங்கைக் குறைய விடாமல் பார்ப்பது. அதாவது இரத்தினசிங்கத்துக்கு எதிராக வாதாடுவது. அந்தச் செலவும் கடைசியில் பிரணவனின் பங்கிலேயே விழலாம். கடை ஏற்கெனவே விற்பனைக்குப் போயிருந்தது.

"அந்தச் செலவை நானே பாப்பன் அம்மா, ஆனா எங்கட வீட்டு லோன்..." என்று பிரசாந்தி தொடங்கினாள். ரதிதேவி கையைக் காட்டி நிறுத்தினாள். மகளிடம் அதைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. கேட்டால் மகள் செய்துவிடுவாள் என்பதுதான் பயம்.

இரத்தினசிங்கத்திடம் குசினியில் வைத்துச் சொன்னார்கள். அவர் பிரணவனுக்குத் தோசையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"நான் கையெழுத்து வச்சதால நான் எழும்ப வேணுமோ?" என்றார். "வைக்காட்டி இருந்திருப்பன்?"

"ஓம்."

"அண்ணை என்னைக் கட்டிவைக்கத்தானே வைக்கச் சொன்னவர்." அவர் சிரிக்கப் பார்த்தார்.

"வாடகையை நான் என்ர பென்ஷனில தாறன் தம்பி. இரும்" என்றாள் ரதிதேவி.

"நீங்கள் வாடகை கட்டி நான் இருந்தால் நான் என்ன ஆளக்கா? உங்கட மருந்துக்கே பென்ஷன் காணாது." கடை விற்பனைக்குப் போனதிலிருந்து அவருக்கு விரி என்ற இடத்தில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை. கிடைக்கிற ஷிஃப்டுக்குப் போக வேண்டும். மிஞ்சுவது வவுனியாவில் உள்ள மனைவிக்கும் மகளுக்கும் போய்விடும். ஹில்ஸ்பரோவில் தனியறை வாடகை அவருக்குக் கட்டாது. விரிப் பக்கம் நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் ஒரு கட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"காலமையில இவனை ஆர் குளிக்க வாக்கிறது?"

இரத்தினசிங்கம் தோசையைப் பார்த்தார். "லீவு நாளில வாறன்."

"வாற வருசம் அவற்ர ஆட்டைத் துவசத்துக்கு?"

"கேட்டுப் பாப்பன் அக்கா. அங்க ஷிஃப்ட் மாத்திறது கஷ்டம்." வருவேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வராமல் இருக்கிற ஆள் அவர் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை என்று ரதிதேவிக்குத் தெரிந்தது.

ரதிதேவிக்கு எழுபது நெருங்குகிறது. முழங்காலில் பலமில்லை. பிரணவன் ஆறடி. அரச உதவியில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பியும் வைத்தார்கள். ஒரு நல்ல பெண் வந்தாள். பிரணவன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். பழக நாள் எடுக்கும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ரதிதேவிக்குத் தெரிந்தவரையில் அவன் கடைசியாகப் பழகிய ஆள் இரத்தினசிங்கம்தான். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் அவன் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் வீட்டை விட்டுப் போகிற ஞாயிறு வானம் மப்பாக இருந்தது. இரத்தினசிங்கத்துக்குச் சாமான் அதிகமில்லை. இரண்டு பை, ஒரு ரைஸ் குக்கர், சுவரில் இருந்த பிள்ளையார். பிரசாந்தி மாசியிலிருந்து வந்து உதவி செய்தாள். அறையைப் பார்க்க ஒரு இளம் தம்பதி பின்னேரம் வருவதாக அவளுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. அதை அம்மாவிடம் காட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தன் காரின் டிக்கியை மூடிவிட்டு இரத்தினசிங்கம் திரும்பியபோது முன் சீட்டில் பிரணவன் உட்கார்ந்திருந்தான். பெல்ட்டைத் தானே போட்டிருந்தான்.

"இறங்கு ராசா" என்றாள் ரதிதேவி.

அவன் நேரே பார்த்தான்.

"பிரணவன், கம் அவுட், ப்ளீஸ்" என்று பிரசாந்தி கதவைத் திறந்து கையைப் பிடித்தாள். அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அலறத் தொடங்கினான். பக்கத்து வீட்டு யன்னலில் திரை விலகியது. அவள் கையை எடுத்தாள். அலறல் நின்றது.

"ஒரு சுத்து சுத்திப்போட்டுக் கொண்டுவந்து விடும் தம்பி" என்றாள் ரதிதேவி.

"பிறகும் இறங்க மாட்டான் அக்கா."

"தெரியும்."

இரத்தினசிங்கம் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. தூறல் தொடங்கியது. ரதிதேவி திறந்திருந்த கதவுக்குள் குனிந்து, மகனுடைய சட்டையில் விட்டுப்போயிருந்த மேல் பொத்தானைப் பூட்டினாள். அதற்கு அவன் விட்டான்.