திரிந்த பால்

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது ஒன்பது வயது. ஆஸ்பத்திரியிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு டாக்ஸியில் திரும்புகிற வழியில் அம்மா சொன்ன முதல் வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத. பொம்பளப் பிள்ளை."

அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பி அதற்குத் தலையாட்டினார். தினமும் ஊசி குத்திக்கொள்ள வேண்டியது நான், சாகாமல் இருக்க வேண்டியதும் நான். அவர்களுடைய கவலையோ, என்றைக்கோ பெண் பார்க்க வரப்போகிற யாரோ என்ன நினைப்பார்கள் என்பதாக இருந்தது. அந்த யாரோ மீது அன்றைக்கே எனக்குக் கோபம்.

கல்கத்தாவில் இந்த நோயை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இங்கே பரீட்சையில் பாஸானால் இனிப்பு, ஸ்கூட்டர் வாங்கினால் இனிப்பு, சும்மா எட்டிப் பார்த்தாலும் இனிப்பு. துர்கா பூஜை முடிந்து பிஜோயா வந்துவிட்டால் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் காலைத் தொட்டு, தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த மனுஷர்களையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

எதிர் வீட்டு வங்காளி அம்மாளை நான் காக்கிமா என்று கூப்பிடுவேன், நாம் சித்தி என்பது போல. அந்த வருஷம் பிஜோயாவுக்குக் காக்கிமா ஒரு தட்டு நிறையச் சந்தேஷ் கொண்டுவந்தார். அம்மா அரைகுறை இந்தியில் ஒரு போடு போட்டாள். எங்கள் ஊரில் பால் திரிந்தால் ஆகாது, திரிந்த பாலில் செய்த எதையும் நாங்கள் தொட மாட்டோம், பாவம். சந்தேஷோ ரசகுல்லாவோ, இந்த ஊரின் நல்ல இனிப்பில் பாதி, பாலைத் திரித்து எடுக்கிற சானாவில் செய்வதுதான். பொய்யிலும் அம்மா கெட்டிக்காரி. பால் திரிவது அபசகுனம் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. அதற்காக ரசகுல்லாவை விட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்பாவே ஆபீஸில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

வங்காளிகள் அடுத்தவர் ஆசாரத்துக்கு ரொம்ப மரியாதை தருகிறவர்கள். மறு வருஷம் காலனியில் இருந்த அத்தனை தமிழ் வீடுகளுக்கும் பிஜோயா இனிப்பு நின்றுபோய், வாழைப்பழமும் பேரிக்காயும் வந்தன. மாடி வீட்டுத் தமிழ் மாமா எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே, "எந்தப் பாவி இந்தச் சட்டத்தைக் கொண்டாந்தது?" என்று கேட்டார். அம்மா காபியை நீட்டினாள்.

சிரிக்கலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை நோய்க்காரி இனிப்புத் தின்னக் கூடாது, எல்லோருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிடும், அப்போது உடனே ஏதாவது இனிப்பை வாயில் போட்டால்தான் பிழைப்பேன் என்பது யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதானே எங்கள் வீட்டு ஏற்பாடு.

பதினாலு வயதில், துர்கா பூஜை அஷ்டமி காலை, காக்கிமாவோடு பூஜைப் பந்தலுக்குக் கிளம்பினேன். வாசலில் அம்மா என் கைப்பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

"ஏட்டி, பூப் போட்டு அஞ்சலி முடியுற வரைக்கும் அங்க எல்லாரும் பட்டினி கெடப்பாங்க. நீ மட்டும் பொட்டலத்தைப் பிரிச்சா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா?"

ஊசி போட்டு இட்லி தின்றுவிட்டுத்தான் போனேன். ஆனால் கூட்டம் கூட்டமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வருவதற்குள் நடுவில் சாப்பிட வேண்டிய வேளை தாண்டிவிட்டது. பூவைத் தூவிவிட்டு நாற்காலியில் விழுந்தேன். முதுகெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் காக்கிமா பிரசாதத் தட்டோடு நின்றார். மேலே இரண்டு சந்தேஷ். கையை நீட்டினேன். அவர் பதறித் தட்டைப் பின்னுக்கு இழுத்து வங்காளியில் சொன்னார்.

"அது சானா, மா. உனக்கு ஆகாது. இரு, பழம் வாங்கிட்டு வரச் சொல்றேன்."

சொல்ல வாயெடுத்தேன், நாக்கு புரளவில்லை. என் உயிரைக் காப்பாற்றக் கூடியதை, என் ஆசாரத்தைக் காப்பாற்றுவதற்காக முந்தானையால் மூடிக்கொண்டார். அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. டாக்டர் காக்கிமாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "கையில் இனிப்பை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்களா?" காக்கிமா அழுதார். தனக்குத் தெரியாது, தெரியாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா என் கால்மாட்டில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் போனபின் காக்கிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விஷயம் வெளியே போக வேண்டாம் என்று கெஞ்சினாள்.

காக்கிமா வாக்குத் தவறவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டு மயங்க வைத்தவள் என்று காலனி பேசியது. அதையும் வாங்கிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அம்மா பொட்டலத்தை எடுத்ததைக்கூட நான் மன்னிப்பேன். கால்மாட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றதை மன்னிக்க மாட்டேன்.

இப்போது நியூ டவுனில் வேலை, அங்கேயே ஃபிளாட், அப்பா அம்மாவும் என்னோடு. என் மேஜையில் ஜூஸ் எந்த டிராயரில் இருக்கிறது என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும் அம்மா அதை இன்னும் ரகசியமாகவே வைத்திருந்தாள்.

போன வருஷம் பாலிகஞ்சிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. நாங்கள் நல்ல குடும்பம் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று அம்மா காக்கிமாவையும் வரவழைத்திருந்தாள். வந்தவர்கள் கொண்டுவந்தது சந்தேஷ். பையனின் அம்மா தட்டை என்னிடம் நீட்டினாள்.

"அவளுக்குத் திரிஞ்ச பால் ஆகாது. சின்னதுல இருந்தே அப்படித்தான்," என்றாள் அம்மா, தட்டை மெல்லத் தள்ளிக்கொண்டு.

காக்கிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தள்ளப்பட்ட தட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிய அதே முகம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் இன்சுலின் பேனாவை எடுத்துவந்து, அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்தேன். இரண்டு சந்தேஷுக்கு வேண்டிய அளவைத் திருகி, குர்த்தாவின் ஓரத்தைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டேன்.

"ஒன்பது வயசுல இருந்து எனக்கு சுகர். திரிஞ்ச பாலெல்லாம் பொய்," என்றேன்.

பையனின் அம்மா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. பையன் போனை எடுத்துக்கொண்டான். "ஏட்டி" என்றாள் அம்மா.

நான் என்ன சொன்னேன் என்று காக்கிமாவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் எழுந்து வந்து, நின்ற தட்டிலிருந்து ஒரு சந்தேஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"எபார் கா, மா." இப்போது சாப்பிடு.

அவசரப்படாமல் தின்றேன். அம்மா அழ ஆரம்பித்தாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.