சிசிலி வீரர்கள் திருச்செங்கோட்டில் டீ குடித்த கதை

இத்தாலிக்குக் கீழே இருக்கும் சிசிலித் தீவில் குதிரை வண்டிகளின் பக்கப் பலகைகளில் கதை கதையாக ஓவியம் எழுதுவார்கள். பலெர்மோ பக்கம் மஞ்சள் பின்னணி, கட்டானியா பக்கம் சிவப்புப் பின்னணி. ஐரோப்பியக் கலை என்றாலே தேவாலயமும் அரண்மனையும்தான் என்று நினைக்கும் என் மாணவிகளுக்கு இதைக் காட்ட ஆசை. போன இரண்டு வருடமும் எங்கள் கல்லூரிக் கண்காட்சியில் நான் ஒட்டிய படங்களை ஒருவரும் நின்று பார்க்கவில்லை. இந்த முறையும் கூட்டம் வராவிட்டால் இனி எனக்கு அரங்கு கிடையாது என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். நிஜப் பலகையே ஒன்று வேண்டும். சிசிலி போக வழியில்லை, லாரிகளுக்குப் படம் எழுதும் பெயிண்டர்கள் உள்ள திருச்செங்கோடு போக பஸ் இருக்கிறதே!

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் புதிய பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து திருச்செங்கோடு. ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். போர்வெல் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டர் செல்வராசுவைப் பிடித்தேன். சிசிலி வண்டியில் இரண்டு வீரர்கள் வாளோடு மோதும் படத்தைக் காட்டி, இதேபோல் ஒரு பலகை வேண்டும் என்றதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டில சண்ட எழுத மாட்டேனுங்க அம்மணி. ரோட்டுல போறதுங்க, ரத்தம் ஆகாது."

"இது வண்டி இல்லீங்களே, வெறும் பலகைதானுங்க."

"நம்ம பட்டறைல எழுதுனா வண்டிதானுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை கண்காட்சி! பத்து நிமிடம் வெளியே நின்று லாரிகளை முறைத்தேன். பிறகு உள்ளே போய், "சண்ட முடிஞ்சு ராசியாயிட்டாங்கன்னு எழுதலாமுங்களா?" என்றேன்.

"அதுக்கென்னங்க, பேஷா எழுதலாமுங்க!"

சாயந்திரம் பார்த்தால் மஞ்சள் பின்னணியில் கவசம் போட்ட இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வாள்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். சுற்றிலும் பூவும் கொடியும் மட்டும் அச்சு அசல் சிசிலி.

திங்களன்று அந்தப் பலகை முன்னால் நகர இடமில்லை. டீயைப் பார்த்துச் சிரித்தவர்கள் நின்று சிசிலிக் கதையையும் கேட்டார்கள். பிரின்சிபால் அடுத்த வருடத்துக்கும் அரங்கைக் கொடுத்துவிட்டார். என் மாணவியான மகளோடு வந்த, ரிக் என்கிற போர்வெல் வண்டியின் ஓனர் ஒருவர், "ஏனுங்க டீச்சர், இந்த ரெண்டு பேரையும் என்ற புது வண்டில எழுதோணும், யாருங்க எழுதுனது?" என்று கேட்டு, பட்டறைக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

நீங்களும் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பெயிண்டர்கள் கைக்குச் சிக்க மாட்டார்கள். பழைய துணி உடுத்துங்கள். காயாத பலகையோடு ஏறினால் கண்டக்டர் பின் படிக்கட்டு ஓரத்தில்தான் நிற்க வைப்பார், என் புடவையில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

போன வாரம் அந்த ரிக் ஓனரின் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். ராஜஸ்தானில் ஏதோ வயக்காட்டில் அப்பாவின் ரிக் நிற்கிறது. குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஊர்ச் சனத்தில் பாதிப்பேர் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.